கையை எடுத்தால் திரும்பாத வண்டி

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வட கோவாவில் காலை ஒன்பது மணிக்குக் கடலைப் பார்ப்பவர்கள் அதைக் குளம் என்று நினைத்தால் குற்றமில்லை. கலங்கூட்டின் அகன்ற மணல்வெளியில் அலை என்று சொல்லத்தக்கது அப்போது அதிகம் இருக்காது. படிகளில் இறங்கி மணலில் கால் வைத்ததும் எதிரே வருவது கடல் காற்றல்ல, லேமினேட் செய்த விலை அட்டை. பாராசெய்லிங், பனானா ரைடு, பம்பர் ரைடு, ஜெட் ஸ்கி எல்லாம் சேர்த்து ஒரு விலை. குடும்பத்தோடு வந்தவர்கள் என்றால் இன்னும் கொஞ்சம் குறைத்து ஒரு விலை. இந்தியில் பேச்சைத் தொடங்கும் தரகர், முகம் பார்த்துக் கன்னடத்துக்குத் தாவி, வந்திருப்பது தமிழ்க் குடும்பம் என்று புரிந்ததும் "அண்ணா, வாங்க" என்று முடிப்பார்.

பேரம் படிந்த பிறகுதான் ஏமாற்றம் தொடங்குகிறது. சினிமாவில் கதாநாயகன் தன்னந்தனியே நீரைக் கிழித்துக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு வந்திருக்கும் குடும்பத் தலைவர், வண்டியில் உட்கார்ந்ததும் பின்னால் இன்னொருவரும் ஏறுவதைக் கவனிக்கிறார். கோவா இளைஞன், வெயிலில் கறுத்த கைகள். அவன் முன்னால் இருப்பவரின் தோள் வழியே கையை நீட்டி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்கிறான். ஆக்சிலேட்டரும் அவன் கையில்தான். வாடிக்கையாளர் செய்யவேண்டியதெல்லாம் இறுகப் பிடித்துக்கொண்டு சிரிப்பது, கரையில் நிற்கும் மனைவி எடுக்கும் போட்டோவுக்காக. போய், வளைந்து, நீரை வாரியிறைத்துத் திரும்பினால் ஐந்து நிமிடம். சில நூறு ரூபாய் போய்விட்டது.

அமெரிக்க ஏரிகளில் வழக்கமாகிப்போன 'நாள் வாடகை' இந்தியக் கடற்கரைகளில் பெரும்பாலும் கிடையாது. இங்கே விற்கப்படுவது நாள் அல்ல, சுற்று. இதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் இந்த ஏற்பாட்டில் பாதுகாப்பான அம்சமே பின்னால் உட்கார்ந்திருக்கும் அந்த இளைஞன்தான். சிக்கல் வருவது, "ஒரு ரவுண்டு நானே ஓட்டுகிறேனே" என்று வாடிக்கையாளர் கேட்டு, கூடுதலாகக் கைமாறும் நோட்டுக்காக அவன் கீழே இறங்கிக்கொள்ளும்போது.

ஏனென்றால் இது பார்ப்பதற்கு ஸ்கூட்டர் மாதிரி இருக்கிறது. கோவாக்காரர்கள் 'வாட்டர் ஸ்கூட்டர்' என்றே சொல்வதும் உண்டு. ஜெட் ஸ்கி என்பது உண்மையில் ஜப்பானின் கவாசாகி நிறுவனத்தின் வணிகப் பெயர். நகலெடுப்பதெல்லாம் 'ஜெராக்ஸ்' ஆனதுபோல, யமஹா செய்தாலும் கனடாவின் ஸீ-டூ செய்தாலும் கரையில் எல்லாமே ஜெட் ஸ்கிதான். நின்றபடி ஓட்டும் வடிவத்துக்கு வழிகோலியவர் கிளேட்டன் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர். ஸீ-டூவின் முதல் வண்டி 1968இல் வந்தது. கவாசாகியின் வண்டி 1970களின் தொடக்கத்தில். மோட்டார் சைக்கிள்காரர் மூளையில் பிறந்ததாலோ என்னவோ, மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லோரும் இதையும் ஓட்டிவிடலாம் என்று நம்புகிறார்கள்.

அந்த நம்பிக்கைதான் ஆபத்து. ஸ்கூட்டரில் எதிரே மாடு வந்தால் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, பிரேக்கை அழுத்தி, ஹேண்டிலைத் திருப்புகிறோம். கை தானாகச் செய்யும் வேலை இது. ஜெட் ஸ்கியில் இதே வேலையைச் செய்தால் வண்டி நேராகப் போய் மோதும். அதற்குக் காரணம் அதன் வயிற்றில் இருக்கிறது. இதற்கு வெளியே சுழலும் விசிறி கிடையாது, சுக்கானும் கிடையாது. அடிப்பகுதியில் உள்ள சல்லடை வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே சுழலும் இம்பெல்லரால் அழுத்தி, பின்பக்கக் குழாய் வழியாகப் பீச்சியடிக்கிறது. அந்தப் பீச்சல்தான் வண்டியை முன்னே தள்ளுகிறது. ஹேண்டில்பாரைத் திருப்பினால் அந்தக் குழாயின் வாய் திரும்புகிறது, வண்டியும் திரும்புகிறது. ஆக்சிலேட்டரிலிருந்து விரலை எடுத்தால் பீச்சல் நின்றுபோகிறது. பீச்சல் நின்றால் திருப்பும் சக்தியும் போய்விடுகிறது. முன்னூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள மூன்று பேர் வண்டி, போன வேகத்தில், போன திசையிலேயே சறுக்கிக்கொண்டு போகும். வேகத்தைப் பொறுத்து நிற்பதற்கு நூறு மீட்டர்கூட ஆகலாம்.

2009இலிருந்து ஸீ-டூ பிரேக் உள்ள வண்டிகளைச் செய்கிறது. எரிபொருளை விட்டாலும் கொஞ்சம் திரும்பும் வசதி வேறு சில மாடல்களிலும் வந்துவிட்டது. ஆனால் கடற்கரையில் வாடகைக்குக் கிடைக்கும் வண்டியில் அது இருக்கும் என்று எண்ணி யாரும் ஏறக்கூடாது. எதிரே தலை தெரிந்தால் செய்யவேண்டியது இயல்புக்கு நேர்மாறானது: ஆக்சிலேட்டரை விடாமல் பிடித்தபடியே ஹேண்டிலை ஒரு பக்கமாக முழுதும் திருப்பவேண்டும். விலகிய பிறகே விடலாம். இதைக் கரையில் நின்று கேட்டுத் தெரிந்துகொள்வது வேறு, கை பழகுவது வேறு. ஆளில்லாத நீரில் மெதுவாகப் பத்துத் தடவை செய்து பார்த்தால்தான் பழகும். ஐந்து நிமிடச் சுற்றில் அதற்கு ஏது நேரம்?

இந்தப் பையன்களுக்குக் கடல் புதிதல்ல. கலங்கூட்டிலும் பாகாவிலும் கண்டோலிமிலும் படகும் ஜெட் ஸ்கியும் வைத்திருப்பவர்களில் பலர் மீனவக் குடும்பத்தினர். அவர்கள் தாத்தாக்கள் 'ராம்பொண்' என்ற பெரிய கரைவலையை ஊரே கூடி இழுத்தவர்கள். 1970களில் டிராலர்கள் வந்து கரையோர மீனை வாரிக்கொண்டு போக, ராம்பொண்காரர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதன் பலனாக 1980இல் வந்த மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் கரையை ஒட்டிய ஐந்து கிலோமீட்டர் கடல் பாரம்பரிய மீனவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. காகிதத்தில் வென்றார்கள், மீன் திரும்பி வரவில்லை. அதற்குள் அஞ்சுனாவுக்கும் கலங்கூட்டுக்கும் ஹிப்பிகள் வந்து போயிருந்தார்கள். 1980களில் ஐரோப்பாவிலிருந்து சார்ட்டர் விமானங்கள் வரத் தொடங்கின. டால்ஃபின் காட்டக் கூட்டிப்போனால் வலை வீசுவதைவிடக் காசு அதிகம் என்று படகுகளுக்கு இருக்கை போட்டார்கள். அடுத்த தலைமுறை படகிலிருந்து இந்த ஓசைமிக்க வண்டிக்கு மாறியது. தண்ணீரின் நிறம் பார்த்து மணல் திட்டு எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் இவர்கள். சீசன் இருப்பது ஆண்டில் ஏழெட்டு மாதம், கடன் தவணை பன்னிரண்டு மாதமும் என்பதால், அவசரமும் இவர்களிடம் உண்டு.

அந்த அவசரம் கண்ணில் படும் இடம் சிவப்புக் கயிறு. டெலிபோன் ஒயர் போலச் சுருண்ட இந்தக் கயிற்றின் ஒரு முனை வண்டியின் கில் ஸ்விட்சில் செருகியிருக்கும். மறுமுனை ஓட்டுபவரின் மணிக்கட்டிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ மாட்டியிருக்கவேண்டும். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், என்ஜின் அணைந்துவிடும், வண்டி அருகிலேயே நிற்கும். மாட்டாவிட்டால் ஆள் ஓரிடம், வண்டி வேறிடம். இடையூறாக இருக்கிறது என்று கயிற்றை ஹேண்டில்பாரிலேயே சுற்றிவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அப்படிச் சுற்றிய வண்டியில் ஏறாமல் இருப்பது நல்லது. அதேபோல், கயிறு ஓட்டுபவரின் கையில்தான் இருக்கவேண்டும். பின்னால் இருப்பவன் ஓட்டினால் அவன் கையில், முன்னால் இருப்பவர் ஓட்டினால் அவர் கையில்.

லைஃப் ஜாக்கெட் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்றாலும் அணியும் விதம் பலருக்குத் தெரியவில்லை. போட்டோவுக்குச் சட்டை தெரியவேண்டும் என்று கொக்கிகளைத் திறந்துவிடுவார்கள். கொக்கி போடாத ஜாக்கெட் நீரில் விழுந்ததும் தலைக்கு மேலே போய்விடும். அணிந்த பிறகு தோள் பட்டைகளைப் பிடித்து யாராவது மேலே தூக்கிப் பார்க்கவேண்டும்; காதுவரை ஏறினால் அது அளவில்லாத ஜாக்கெட். எட்டு வயதுக் குழந்தைக்குப் பெரியவர்களின் ஜாக்கெட்டை மாட்டி இறுக்கிக் கட்டுவது அடிக்கடி காணும் காட்சி. அதைவிடக் குழந்தையைக் கரையில் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகலாம்.

நம் ஊர் உடைகளுக்கும் இந்த வண்டிக்கும் ஒத்துவராது. அடிப்பக்கச் சல்லடை தண்ணீரை மட்டும் உறிஞ்சுவதில்லை. நீரில் மிதக்கும் துப்பட்டா, புடவை முந்தானை, அவிழ்ந்த கூந்தல், தொங்கும் பட்டை எதையும் இழுத்துக்கொள்ளும். நீரிலிருந்து ஏறும்போது என்ஜின் அணைந்திருக்கவேண்டும். பின்பக்க நடுவிலிருந்து ஏறவேண்டும். இன்னொரு எச்சரிக்கை வண்டியிலேயே ஆங்கிலத்தில் அச்சிட்டு ஒட்டப்பட்டிருக்கும், ஆனால் அதைப் படித்துச் சொல்ல யாருக்கும் கூச்சம். பின்சீட்டில் இருப்பவர் திடீர் வேகத்தில் மல்லாந்து விழுந்தால், குழாயிலிருந்து பீச்சும் நீர் உடலின் கீழ்த் துவாரங்கள் வழியே புகுந்து உள்ளுறுப்புகளைக் கிழித்துவிடக்கூடும். இதனால்தான் இடுப்புக்குக் கீழே தடித்த வெட் சூட் அணியும்படி தயாரிப்பாளர்கள் வற்புறுத்துகிறார்கள். கலங்கூட்டில் அதை வைத்திருப்பவர்களைத் தேடவேண்டும். அது இல்லாதபோது மெல்லிய நீச்சல் உடை மட்டும் அணிந்து பின்னால் உட்காராமல் இருக்கலாம்; முன்னால் இருப்பவரை இறுகப் பிடித்துக்கொள்ளலாம்; எம்பி எம்பிப் பாய்வதற்கு ஆசைப்படாமல் இருக்கலாம்.

கடலின் நேரமும் முக்கியம். குளிர்காலக் காலையில் நிலத்திலிருந்து காற்று வீசுவதால் கடல் அடங்கிக் கிடக்கும். அந்தக் காற்றில் என்ஜின் நின்ற வண்டி கரையை விட்டு விலகித்தான் போகும் என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும். மதியத்துக்குப் பிறகு வடமேற்கிலிருந்து கடல் காற்று எழும்; மூன்று மணிக்கு அதே கடல் முடிச்சு முடிச்சாக மாறியிருக்கும். பாகா ஓடை கடலில் கலக்கும் இடத்தில் மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் இரண்டு மீட்டர்வரை போகும். காலையில் ஆழமாக இருந்த இடம் மதியம் முழங்கால் அளவாகிவிடும். ஆழமில்லாத இடத்தில் ஓட்டினால் வண்டி மணலை வாரி உள்ளே இழுக்கும். ஓடை வாயிலும் பாறை ஓரங்களிலும் கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டம் இருப்பதால் அங்கே விழுந்தவர் எதிர்த்து நீந்தக்கூடாது. தெற்கே சிங்கேரிமில், 1612இல் போர்த்துகீசியர் கட்டிய அகுவாடா கோட்டையின் அடியில் பாறைகள். 'அகுவா' என்றால் அவர்கள் மொழியில் தண்ணீர். லிஸ்பனிலிருந்து வந்த கப்பல்கள் குடிநீர் பிடித்த இடம். அந்தக் கப்பல்காரர்களே மரியாதையாக விலகி நின்ற பாறைகளுக்கு வாடகை வண்டியில் நெருங்கிப் போட்டோ எடுக்கிறார்கள்.

டோனா பாலாவில் இன்னொரு விதச் சிக்கல். 1981இல் பாலசந்தர் கமல்ஹாசனை வைத்து எடுத்த 'ஏக் தூஜே கே லியே' இந்திப் படத்தால் நாடறிந்த அந்தத் துறைக்கு எதிரே ஜுவாரி ஆற்று முகம். அக்கரையில் மர்மகோவா துறைமுகம். கப்பலும் பார்ஜும் போகும் வழி அது. பெரிய கப்பல் மெதுவாகப் போவதுபோலத் தெரிவது கண்ணின் ஏமாற்று. நீரிலும் சாலை விதி உண்டு, ஆனால் நம் சாலைக்கு மாறானது. நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்பவேண்டும். குறுக்கே வரும்போது வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழி விடவேண்டும். இடப்பக்கம் ஒதுங்கியே பழகிய இந்தியக் கைக்கு இதுவும் எதிர்மறை. நீர்ப்பரப்பில் வரிசையாக மிதக்கும் தெர்மோகோல் துண்டுகளைக் கண்டால் சுற்றிப் போகவேண்டும். அடியில் யாருடைய வலையோ இருக்கிறது. வலையின் கயிறு இம்பெல்லரில் சிக்கினால் வண்டி நடுக்கடலில் நிற்பது மட்டுமல்ல, மீனவரின் ஒரு மாதப் பிழைப்பும் சிக்கிக்கொள்கிறது.

2024ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று மதியம் கலங்கூட்டில் கரைக்குக் கூப்பிடு தூரத்தில் சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. ஒருவர் இறந்தார், 20 பேர் மீட்கப்பட்டார்கள். இருவரைத் தவிர மற்றவர்கள் லைஃப் ஜாக்கெட் அணிந்திருந்ததாகச் செய்திகள் கூறின. அதற்கு ஒரு வாரம் முன்பு, டிசம்பர் 18ஆம் தேதி, மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபண்டா புறப்பட்ட பயணிப் படகு மீது என்ஜின் சோதனையில் இருந்த கடற்படை வேகப்படகு மோதி 15 பேர் மாண்டார்கள். இரண்டுமே ஜெட் ஸ்கி விபத்துகள் அல்ல. ஆனால் கலங்கூட்டில் மீட்பு சீக்கிரம் நடந்ததற்குக் காரணம் இருக்கிறது. 2008இலிருந்து கோவா கடற்கரைகளில் 'த்ருஷ்டி மரைன்' நிறுவனத்தின் உயிர்காப்பாளர்கள் நிற்கிறார்கள். மீட்புக்கு அவர்கள் ஓட்டிப்போவதும் பல சமயம் இதே ஜெட் ஸ்கிதான். நீரில் தத்தளிப்பவரின் பக்கத்தில், வெளியே சுழலும் விசிறி இல்லாமல், போய் நிற்கக்கூடிய வண்டி வேறு ஏது? சிவப்புக் கொடி பறக்கும் இடத்தில் நீரில் இறங்கக்கூடாது. சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகளுக்கு நடுவே நீந்தலாம், அங்கே வண்டி ஓட்டக்கூடாது. இதைச் சொல்வதற்கே அவர்களுக்குப் பாதி நாள் போய்விடுகிறது.

இனிக் காசு விஷயம். கோவாவில் நீர் விளையாட்டுப் படகுகளைப் பதிவு செய்து உரிமம் தருவது கேப்டன் ஆஃப் போர்ட்ஸ் அலுவலகம். பதிவு எண் வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கவேண்டும். அழிந்திருந்தாலோ இல்லாவிட்டாலோ அடுத்த வண்டியைப் பார்க்கலாம். தரகரிடம் காசு கொடுப்பதைவிட ரசீது தரும் கவுன்ட்டரில் கொடுப்பது நல்லது, மலிவும்கூட. ரசீதில் எத்தனை நிமிடம், எத்தனை பேர் என்று எழுதச் சொல்லவேண்டும். காப்பீடு என்ற பேச்சை எடுத்தால் முகம் மாறுகிறதா என்று பார்ப்பதும் ஒரு சோதனை.

உண்மையிலேயே தனியாக வண்டி எடுத்து ஓட்ட விரும்பும் இந்தியர்கள் பட்டாயா, புக்கெட் போகிறார்கள். அங்கே வேறு வியாபாரம் காத்திருக்கிறது. திரும்பி வந்ததும் வண்டியின் அடியில் பழைய கீறலைக் காட்டி நஷ்டஈடு கேட்டு மிரட்டுவது தாய்லாந்துக் கரைகளில் பல ஆண்டுகளாகப் பேர்போன மோசடி. பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுத்தவர்கள் தப்ப முடியாமல் தவித்திருக்கிறார்கள். ஏறுமுன் வண்டியைச் சுற்றி, அடிப்பக்கம் உட்பட, வாடகைக்காரர் நிற்கும்போதே செல்போனில் படம் எடுப்பது, பாஸ்போர்ட்டுக்குப் பதில் நகலைக் கொடுப்பது, இவ்வளவுதான் மருந்து. நாள் முழுக்க எடுப்பவர்கள் பெட்ரோலை மூன்று பங்காகப் பிரித்துக்கொள்ளவேண்டும்: போக ஒன்று, வர ஒன்று, கடல் மனம் மாறினால் ஒன்று. வண்டி கவிழ்ந்தால் பின்பக்கம் ஒட்டியிருக்கும் அம்புக்குறி காட்டும் பக்கமாகவே நிமிர்த்தவேண்டும். மாற்றிப் புரட்டினால் என்ஜினுக்குள் தண்ணீர். நின்றுபோனால் வண்டியை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தக்கூடாது. கரை எப்போதும் தெரிவதைவிடத் தூரத்தில் இருக்கிறது, தேடி வருபவர்களின் கண்ணுக்கு மனிதத் தலையைவிட வண்டிதான் பெரிதாகத் தெரியும். குடிப்பழக்கம் உள்ளவர்கள் கோவாவில் சலுகை விலையை நினைத்துத் தொடங்கும் காலை பியரை மாலைக்குத் தள்ளிவைத்தால், மேலே சொன்ன பாதி விஷயங்கள் தேவைப்படாமலே போகலாம்.

மே மாதக் கடைசியில் கடல் கலங்கத் தொடங்கும். ஜூன் முதல் தேதியிலிருந்து ஜூலை 31 வரை டிராலர்களுக்கு மீன்பிடித் தடை. நீர் விளையாட்டும் செப்டம்பர்வரை படுத்துவிடும். வண்டிகளுக்குத் தார்ப்பாய் போர்த்தி வீட்டுத் தென்னந்தோப்புகளில் நிறுத்துகிறார்கள். அந்த நான்கு மாதமும் கலங்கூட் கடலைப் பார்த்தவர்களுக்குத்தான் நவம்பர்க் காலையின் அமைதி எவ்வளவு தற்காலிகமானது என்று தெரியும்.

சீசன் நாட்களில் மாலை ஆறு மணிக்குச் சூரியன் கடலைத் தொடும் நேரம், காவல் கோபுரத்தில் இருப்பவர்கள் கடைசி விசிலை ஊதுகிறார்கள். வண்டிகள் ஒவ்வொன்றாகக் கரையேறுகின்றன. பையன்கள் அவற்றை நல்ல தண்ணீரால் கழுவுகிறார்கள், பம்பின் உள்ளே ஏறிய உப்பும் மணலும் போக. பெட்ரோல் அளவைப் பார்த்து, கணக்கு எழுதி, துணியால் போர்த்தியபின், சிவப்புக் கயிற்றை மட்டும் உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறார்கள். அது செருகியிருந்தால் தவிர வண்டியை யாராலும் கிளப்ப முடியாது.